நாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழு ஆடுகள்

செங்கமடைக் கண்மாய் ஐப்பசி மழையில் விளிம்புவரை நிறைந்து, கரைமேல் நடப்பவர்களின் செருப்பை நனைக்கத் தொடங்கியிருந்த வாரத்தில், திங்கட்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, கிழக்குக் குடியிருப்பின் நாற்பத்து மூன்றாவது வீட்டில், தமயந்தி தன் கம்ப்யூட்டரில் ஒரு கம்பைலரை அதன் மூல நிரலிலிருந்து கட்டத் தொடங்கினாள். ஆறு பதினொன்று கடந்து இருபதாவது வினாடியில் முதல் ஆடு வந்தது.

அது செவலை நிற வெள்ளாடு. கண்மாய்க் கரையிலிருந்து இறங்கி, தெருவின் நாற்பத்திரண்டு வீடுகளையும் ஒவ்வொன்றாகக் கடந்து, எந்த வாசலிலும் மூக்கை நுழைக்காமல் நேராக வந்து கடைசி வீட்டின் முன் நின்றது. இடது காதில் ஒரு தகரவில்லை தொங்கியது, வில்லையில் 1 என்று பொறித்திருந்தது. வாசல் தெளித்துக்கொண்டிருந்த தமயந்தியின் அம்மா சீனியம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஆட்டைத் தலையிலிருந்து வால்வரை பார்த்து, "லாபம்" என்றாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், ஆட்டுச் சந்தை வாசலில் முப்பத்தொரு வருடம் உருப்படி எண்ணியவள். அந்தச் சந்தையில் யாரும் ஒன்று என்று எண்ணத் தொடங்குவதில்லை, முதல் உருப்படிக்கு லாபம் என்றுதான் பெயர், அதற்கடுத்துதான் இரண்டு, மூன்று. எண்பது வினாடி கழித்து இரண்டாவது ஆடு வந்தது. இன்னும் எண்பது வினாடி கழித்து மூன்றாவது.

"ஏடி, ஆடு வருதுடி" என்றாள் உள்ளே பார்த்து.

"எத்தனைம்மா?"

"மூணு."

"சரியாத்தான் இருக்கு" என்றாள் தமயந்தி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். திரையின் ஓரத்தில் 3/4317 என்று இருந்தது. "மொத்தம் நாலாயிரத்து முந்நூத்திப் பதினேழு பைலு. ஒவ்வொண்ணாக் கட்டி முடிக்கணும்."

கட்டியே தீர வேண்டியிருந்தது. கண்மாய் நிறையும் வருடமெல்லாம் கரையின் கிழக்கு மூலையில்தான் வெட்டித் தண்ணீரை விடுவார்கள்; முந்தின தடவை அங்கே வெட்டினார்கள் என்பதைத் தவிர அதற்குக் காரணம் இல்லை, வெட்டின தண்ணீர் வேறெங்கும் போகாமல் கிழக்குக் குடியிருப்புக்குள்தான் வரும். சீனியம்மாளின் வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற மட்டத்துக்குக் கரியால் இழுத்த ஏழு கோடுகள் இருந்தன, ஏழாவது கோடு அவள் தோளுக்கு இருந்தது. இந்த வருடம் புதிதாக வந்திருந்த பொறியாளர் கரைமேல் குடையோடு நின்று தமயந்தியிடம் சொன்னார்: "வேற இடத்துல வெட்டுனா யாருக்கும் சேதமில்லைன்னு கணக்குப் போட்டுக் காட்டுங்கம்மா, நான் வெட்டுறேன். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வருவேன். கணக்கு இல்லைன்னா பழைய மூலைதான். நான் ஒருத்தன் புதுசா ஒரு இடத்தைக் கையைக் காட்டி, அங்க நாலு வீடு முழுகிட்டா யாரு பதில் சொல்றது?"

கணக்கைத் தமயந்தி எழுதி வைத்திருந்தாள். கண்மாயையும் ஊரையும் முழம் முழமாகப் பிரித்து, ஒவ்வொரு முழத்திலும் தண்ணீர் எவ்வளவு உயரும், எந்தப் பக்கம் சாயும் என்று கேட்கும் கணக்கு. அவளுடைய கம்ப்யூட்டர் தனியாக உட்கார்ந்து போட்டால் பத்தொன்பது நாள் ஆகும். ஆனால் மூடிப்போன ஒரு விளையாட்டு சென்டரிலிருந்து வாங்கிய பதினோரு பழைய கிராபிக்ஸ் கார்டுகள் அவளிடம் இருந்தன.

"கார்டு என்ன செய்யும்?" என்று சீனியம்மாள் போன வாரமே கேட்டிருந்தாள்.

"உன்னை மாதிரி ஒரு கெட்டிக்காரி ஒத்தையா நின்னு எண்ணுறது ஒரு வகைம்மா. அதுதான் கம்ப்யூட்டர். சாதாரண ஆளு ரெண்டாயிரம் பேரு, ஆளுக்குக் கொஞ்சமா, ஒரே நேரத்துல எண்ணுனா அது இன்னொரு வகை. அதுதான் கார்டு."

"பிறகென்ன, போட வேண்டியதுதான?"

"நான் எழுதினது அந்த ரெண்டாயிரம் பேருக்கும் புரியணும்ல. புரியுற மாதிரி மாத்திச் சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும், அதுதான் கம்பைலர். ரெடிமேடா வர்ற கம்பைலர் இந்தப் பழைய கார்டைத் தெரியாதுங்குது. அதான் நாமளே கட்டுறோம்."

சீனியம்மாள் வெகுநேரம் யோசித்துவிட்டு, "ரெண்டாயிரம் பேருல ஒருத்தன் தப்பா எண்ணிட்டா?" என்றாள். மகள் அடுத்த கார்டை எடுத்துத் தூசி துடைக்கத் தொடங்கினாள்.

ஆடுகள் வந்துகொண்டே இருந்தன. வெயிலிலும் தூறலிலும், எண்பது வினாடிக்கு ஒன்றாக, கறுப்பும் வெள்ளையும் செவலையும் சாம்பலும், கொம்பு முளைத்ததும் முளைக்காததும் கரையிலிருந்து இறங்கி வந்தன. திங்கள் மத்தியானத்துக்குள் தெரு அடைத்துப்போனது, பால்காரர் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனார். சீனியம்மாள் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து ஏற்பாடு எழுதினாள்: ஒன்று முதல் நூறு வரை முதல் வீடு, நூற்றொன்று முதல் இருநூறு வரை இரண்டாம் வீடு, இப்படியே நாற்பத்து மூன்று வீட்டுக்கும் நூறு நூறு, மிச்சம் பதினேழும் தன் வீட்டோடு. ஒவ்வொரு வீட்டுக்கும் தானே போய், வாசலுக்கு வெளியே நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. சுவரில் ஏழு கோடு எல்லோர் வீட்டிலும் இருந்தது.

செவ்வாய்க்கிழமைக்குள் ஊருக்கு ஆடு பழகிவிட்டது. சீமைக்கருவேலங்காய் பொறுக்கப் போவதற்குத் தெருவே முறை வைத்துக்கொண்டது. இருபத்து நான்காவது வீட்டில் டீக்கடை வைத்திருந்த மைதீன் பாய் பசும்பாலை நிறுத்திவிட்டு வெள்ளாட்டுப் பாலில் டீ போட்டார், மூன்று பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தார்கள், மறுநாள் அதே மூன்று பேர் மூக்கைப் பொத்தாமல் குடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புக்குள் முப்பது ஆடுகள் உட்கார்ந்திருந்ததால் டீச்சர் பிள்ளைகளை வராண்டாவில் வைத்து, வில்லையைப் பார்த்துக் கூட்டல் போடச் சொன்னார். ஆடு யாருடையது என்று விசாரிக்கக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் கம்பைலர் என்று எழுதி, தகப்பனார் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கால்மணி நேரம் யோசித்து, ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். பதினோராம் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் நூறு ஆட்டைப் பார்த்ததும் காபி வருவதற்கு முன்பே சரி என்றார்கள். பெண்ணின் அப்பா நேர்மையானவர், "இது வெள்ளிக்கிழமை வரைக்கும்தாங்க" என்றார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பரவாயில்லை, சொன்ன சொல் சொன்னதுதான் என்றார்கள்.

இடையிடையே நொண்டி ஆடுகளும் வந்தன. முதல் நொண்டி வந்தபோது சீனியம்மாள் அதைத் தெரு முனையிலேயே மறித்தாள். சந்தையில் நொண்டியை அவள் கணக்கில் சேர்த்ததில்லை.

"இதைத் திருப்பி அனுப்புறேன்டி. காலு சரியில்ல."

தமயந்தி திரையைப் பார்த்தாள். அந்த எண்ணுக்கு நேராக மஞ்சள் எழுத்தில் ஒரு வரி இருந்தது. "அது எச்சரிக்கைம்மா. தப்பு இல்ல. நொண்டினாலும் வந்து சேரும், விட்டிரு."

விட்டாள். ஆனால் நோட்டில் ஒவ்வொரு நொண்டிக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாள். கடைசியில் புள்ளிகள் இருநூற்றுப் பதினொன்று.

கணக்கை மட்டும் அவள் யாரிடமும் விடவில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை, சேலைத் தலைப்பில் கூழாங்கற்களை முடிந்துகொண்டு முதல் வீட்டில் தொடங்குவாள். இருபது ஆட்டுக்கு ஒரு கல் இடது கையிலிருந்து வலது கைக்குப் போகும். தெருவின் கடைசிக்கு வரும்போது மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். "அக்கா, எங்க வீட்டு நூறை நாங்க எண்ணிச் சொல்ல மாட்டோமா?" என்று மைதீன் பாய் கேட்டார். "இருக்கட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் லாபத்திலிருந்து தொடங்கினாள். மற்றவர்கள் எண்ணியதைத் தன் நோட்டில் எழுதும் பழக்கம் அவளுக்கு இல்லை. முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் வானம் கிழிந்தது. கண்மாய்க் கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் வீடுகளுக்கு ஓடின. அடுப்படியிலும் கட்டிலடியிலும் பீரோ மேலும் நின்றன. கரையில் மண் சரியத் தொடங்கியது. மடையோரம் வேப்பமரத்தடியில் நிற்கும் மடைக்கருப்புக்குப் பூசாரி சன்னாசி. கண்மாய் நிறையும்போதெல்லாம் ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லாத கறுப்புக் கடாயை வெட்டினால்தான் கரை நிற்கும் என்பது கருப்புக்கும் ஊருக்கும் உள்ள ஏற்பாடு. வெட்டின கறியைத் தராசு போட்டதுபோல் வீட்டுக்கு ஒரு கூறு வைத்து, தேக்கிலையில் கட்டிக் கொடுப்பது வழக்கம். படையல் கறி சாப்பிடாத மைதீன் பாய் வீடு நீங்கலாக நாற்பத்திரண்டு கூறு.

அன்றைக்கும் நாலு மணிக்குச் சீனியம்மாள் வீட்டுக்குக் கூறு வந்தது. மழையால் அன்று மூன்றாம் சுற்று எண்ணப் போக முடியவில்லை. அவள் இலையைப் பிரித்துப் பார்த்தாள். தெருவில் தகரவில்லை இல்லாத ஆடு ஒன்றுகூட இல்லை என்பது அவளைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்பதென்றால் நாலு பேருக்கு முன்னால் போய் நின்று வாயைத் திறக்க வேண்டும், படையலைச் சந்தேகப்பட்டவள் என்று பெயர் வரும். அவள் அறுபத்து மூன்று வயதுவரை அப்படி ஒரு காரியம் செய்ததில்லை. கறியை மிளகு தூக்கலாக வைத்தாள். கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்து வராத மகளுக்குத் தயிர்சாதம் கொடுத்துவிட்டு, தான் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி ஆறு நிமிடத்துக்கு 4317 வந்து சேர்ந்தது. வாலில்லாத ஒரு குட்டை ஆடு, நொண்டி வேறு. தமயந்தி விரல்களைச் சொடுக்கிக்கொண்டு, இனி எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்க வேண்டியதுதான் பாக்கி என்றாள். ஏழு இருபதுக்கு அவள் குரல் மாறியது.

"அம்மா. ஒண்ணு குறையுதுங்குது."

"எது?"

"எதுன்னு சொல்ல மாட்டேங்குது. குறையுதுன்னு மட்டும் சொல்லுது. எந்த நம்பர்னு தெரிஞ்சா அதை மட்டும் திரும்பக் கட்டிரலாம், ரெண்டு நிமிஷ வேலை. தெரியலைன்னா முதல்லேர்ந்து நாலு நாளு."

சீனியம்மாள் கூழாங்கற்களைத் தலைப்பில் முடிந்தாள். படியிறங்கினாள். ஒரு சுற்றுக்கு மூன்று மணி நேரம்; பத்து இருபது ஆகும்; இணைப்பதற்கு அரைமணி; கார்டுகள் கணக்குப் போட இரண்டு மணி. பதினோரு மணிக்குப் பொறியாளர் கிழக்கு மூலையில் நிற்பார். படியில் அப்படியே நின்றுவிட்டாள். தலைப்பில் கற்கள் கனத்தன. பின்னால் திரும்பி, மேசைமேல் வரிசையாக நின்ற பதினோரு கார்டுகளைப் பார்த்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்துக் கற்களை வாளிக்குள் போட்டுவிட்டு, தெருவின் நடுவில் போய் நின்று, வாழ்நாளில் முதல் தடவையாக ஊர் கேட்கும்படி வாயைத் திறந்தாள்.

"எல்லாரும் அவங்கவங்க நூறை எண்ணுங்க! இப்பவே எண்ணுங்க! லாபம்!"

ஒரு நிமிடம் தெரு அசையவில்லை, சீனியம்மாளுக்கு இத்தனை பெரிய குரல் இருந்ததா என்று. பிறகு முதல் வீட்டிலிருந்து "லாபம்" என்று ஒரு குரல் வந்தது, எதிர் வீட்டிலிருந்து இன்னொன்று, அப்புறம் நாற்பத்து மூன்று வாசலிலிருந்தும். இரண்டு, மூன்று, நான்கு என்று ஆண் குரலும் பெண் குரலும் கீச்சுக்குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பத்தாவது ஆட்டுக்குள் எல்லாம் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டன. இருபத்தொன்று என்று தெரு சொன்னது, இருபத்திரண்டு என்று தெரு சொன்னது, கூரைத் தகரம் அதிர்ந்தது, ஆடுகள் காதை நிமிர்த்தித் தங்கள் முறைக்குக் காத்து நின்றன. சீனியம்மாளும் ஓடி வந்து தன் வீட்டு நூற்றுப் பதினேழை அதே தாளத்தில் எண்ணினாள். அத்தனை சத்தத்தில் தன் எண் எது, பக்கத்து வீட்டு எண் எது என்று பிரிக்க முடியவில்லை, பிரிக்கத் தேவையும் இருக்கவில்லை. எட்டு நிமிடத்தில் முடிந்தது.

"நூறு சரி!" என்றது முதல் வீடு. "நூறு சரி!" இரண்டாம் வீடு. அப்படியே இருபத்து மூன்று வரை வந்து, இருபத்து நான்காம் வாசலில் நின்றது.

"தொண்ணூத்தொம்பது" என்றார் மைதீன் பாய். மறுபடி எண்ணினார். "தொண்ணூத்தொம்பதுதான் இருக்கு. ரெண்டாயிரத்து முந்நூத்தி நாப்பத்தாறு இல்ல. நேத்து மழையில பக்கத்து வீட்டுல ஒதுங்கியிருக்கும்னு நினைச்சேன்."

மிச்ச வீடுகளும் சொல்லி முடித்தன, எல்லாம் சரி. இருபத்தைந்தாம் வீட்டு வீரபத்திரன் துண்டை உதறினார். "பாய் கடையில நேத்து சால்னா வாசனை தூக்குச்சே, அப்பவே நினைச்சேன்."

ஒருவர் இருவர் சிரித்தார்கள், சிரித்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

"அது கத்திரிக்காய் சால்னாய்யா!" என்றார் மைதீன் பாய். "நேத்து இந்தத் தெருவுலயே கறி தின்னாதவன் நான் ஒருத்தன்தான், என் கணக்குலயா குறையணும்?"

சன்னாசி தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீனியம்மாள் நோட்டைத் திறந்து, விரலை வைத்துத் தேடி, இரண்டாம் தடவையாக வாயைத் திறந்தாள்; இந்தத் தடவை கத்தவில்லை.

"ரெண்டாயிரத்து முந்நூத்தி நாப்பத்தாறு. புதன்கிழமை, காலை பத்து பதினெட்டு. கறுப்புக் கடா, வெள்ளைப் புள்ளி கிடையாது." நோட்டை மூடினாள். "எனக்கும் ஒரு கூறு வந்துச்சு. எந்த ஆடுன்னு நான் கேக்கல. தெரிஞ்சேதான் கேக்கல. மிளகு போட்டுச் சாப்பிட்டேன். பாயைச் சொல்லாதீங்க."

"நாங்களும் கேக்கலக்கா" என்றது பதினோராம் வீடு. "நாங்களும்" என்றது முப்பதாம் வீடு. வீரபத்திரன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்குத் தலைக்கறி" என்றார் மெதுவாக.

சன்னாசி கடைசியாகச் சொன்னார்: "கரை நிக்கணும்னுதான் வெட்டினேன் தாயி. வேற கடா ஏது? எல்லாத்துக்கும் காதுல வில்லை. இதுக்குத்தான் புள்ளி இல்ல." மடியிலிருந்து ஒரு தகரவில்லையை எடுத்து நீட்டினார். கழுவி, மஞ்சள் தடவி வைத்திருந்தார்.

"நல்லதாப் போச்சு, நம்பர் தெரிஞ்சுபோச்சுல்ல" என்றாள் சீனியம்மாள். திரும்பி, மகளைப் பார்த்து, அந்த எண்ணைச் சொன்னாள்.

எண்பது வினாடி தெரு முழுவதும் கரையைப் பார்த்து நின்றது. பிறகு கறுப்புக் கடா ஒன்று கரையிலிருந்து இறங்கி வந்தது, ஒரு வெள்ளைப் புள்ளி இல்லாமல், காதில் 2346. சன்னாசியின் கையிலிருந்த வில்லை காணாமல் போயிருந்தது. கடா அவரைக் கடக்கும்போது ஒரு கணம் நின்று முகர்ந்து பார்த்துவிட்டு மைதீன் பாய் வாசலுக்குப் போனது.

"கருப்பு வாங்கினது திரும்பி வந்துருச்சே" என்றார் சன்னாசி கலங்கிப்போய்.

"அவரு சாப்பிட்டது சாப்பிட்டதுதான், இது வந்தது வந்ததுதான்" என்றார் மைதீன் பாய். "நீங்க கயித்தைப் புடிங்க."

எல்லாவற்றையும் ஒரே பட்டியில் அடைக்க வேண்டும் என்று தமயந்தி சொன்னதால், நாற்பத்து மூன்று வீடும் ஆளுக்கு நூறாக ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனார்கள்; நாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழும் உள்ளே போனதும் இரும்புக் கதவைச் சாத்தினார்கள். முதலில் ஆயிரம் குரல் கேட்டது, பிறகு நூறு குரல், பிறகு பத்து. எட்டு முப்பத்தாறுக்குக் கதவைத் திறந்தபோது மைதானத்தில் புழுக்கை கணுக்கால் அளவுக்குக் கிடந்தது, நடுவில் ஒரே ஒரு ஆடு நின்றது. சாதாரண உயரம். இன்ன நிறம் என்று சொல்ல முடியாது. காதில் வில்லை இல்லை. இடது பின்காலை லேசாக இழுத்து நடந்தது. அது தானாகத் தெருவழியே நடந்து, கடைசி வீட்டுக்குள் போய், பதினோரு கார்டுகளுக்கு முன்னால் கால் மடக்கிப் படுத்தது.

கார்டுகள் பாடத் தொடங்கின. அந்தச் சூட்டில் நாலு நாளாகக் காயாத துணியெல்லாம் கொடியிலேயே காய்ந்தது. பத்து இருபத்தெட்டுக்குக் கணக்கு முடிந்தது.

பொறியாளர் பதினோரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வந்தார். தமயந்தி காகிதத்தைக் கொடுத்தாள்: மேற்குப் பக்கம் பழைய கல்மடையை ஒட்டி, மூன்றடி அகலம், ஆறு மணி இருபது நிமிடம் திறந்தால் போதும், தண்ணீர் உவர்ப் பொட்டல் வழியாக ஓடையில் சேரும், வழியில் ஒரு சுவரைக்கூடத் தொடாது. அவர் இரண்டு தடவை படித்தார்.

"எத்தனை பேரு போட்ட கணக்கும்மா இது?"

"இருபத்திரண்டாயிரம் பேரு சார். ஒரே நேரத்துல."

"அத்தனை பேருல ஒருத்தன் தப்பா எண்ணியிருந்தா?"

தமயந்தி அம்மாவைப் பார்த்தாள். சீனியம்மாள் தரையைப் பார்க்கவில்லை.

"எண்ணியிருந்தா பக்கத்து வீட்டுக்காரன் சும்மா விடமாட்டான்" என்றாள். "நீங்க தைரியமா வெட்டுங்க."

மேற்கில் வெட்டினார்கள். தண்ணீர் ஆறு மணி இருபது நிமிடம் போனது, காகிதத்தில் சொன்ன வழியில் போனது, ஒரு சுவரையும் தொடவில்லை; சீனியம்மாள் கைக்கடிகாரத்தோடு கரைமேல் நின்று பார்த்தாள். எட்டாவது கோடு விழவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு வாளியோடு வெளியே வந்தபோது அந்த ஆடு வாசலில் நின்றுகொண்டிருந்தது. வாளிக்கு அடியில் கூழாங்கற்கள் கிடந்தன, அவள் எடுக்கவில்லை. ஆட்டைத் தலையிலிருந்து வால்வரை பார்த்து, தனக்கு மட்டும் கேட்கும்படி, "லாபம்" என்றாள்.

"லாபம்!" என்றது நாற்பத்திரண்டாம் வீடு. "லாபம்!" என்றார் மைதீன் பாய், டீ ஆற்றிக்கொண்டே. தெருவின் முதல் வீடுவரை ஒவ்வொரு வாசலாக அந்தச் சொல் போய்ச் சேர்வதை அவள் நின்று கேட்டாள், நாற்பத்திரண்டும் வந்துவிட்டது.

"சரி" என்று சொல்லிவிட்டு வாசல் தெளித்தாள்.